அனுப்பிய கடிதங்களின் நகலேடு: கலைச்சொல் தேவை

அன்புடையீர், வணக்கம்.

ஆவணக்காப்பியல் பாடநூலுக்காக, 1799இல் நிறுவப்பட்ட வாஷிங்டன் கடற்படைக் கப்பல்கட்டும் தளத்தின் பதிவேடுகளைப் பற்றிய இயலை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தளத்தின் தலைமை அதிகாரியான கமாண்டன்ட் கடற்படைச் செயலருக்கும், 1815 முதல் கடற்படை ஆணையர் வாரியத்துக்கும், 1842இல் வாரியம் கலைக்கப்பட்டபின் துறைப் பணியகங்களுக்கும் கடிதம் எழுதினார். அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் எழுத்தர் ஒரு கட்டிய ஏட்டில் நாள்வரிசைப்படி பெயர்த்தெழுதி வைப்பார். ‘லெட்டர்புக்’ எனப்படும் அந்த ஏட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘கடிதப் புத்தகம்’ என்றால், கடிதம் எழுதக் கற்றுத்தரும் நூல் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள்.

* * *

ஐயா, ‘படியேடு’ என்பதே பொருந்தும். ஜேம்ஸ் வாட் 1780இல் காப்புரிமை பெற்ற படியெடுப்பு முறையை நினைத்துப் பாருங்கள்: மை காய்ந்து இறுகாத கடிதத்தின்மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால், எழுத்து இடவலம் மாறித் தாளில் படியும், தாள் மெல்லியதாகையால் மறுபக்கத்திலிருந்து நேராக வாசிக்கலாம். படிவதால் படி, அந்த வினையே பெயராகி நிற்கிறது. காலடி படிவதால் மாடிப்படி, மனத்தில் படிவதால் படிப்பு என்று இவ்வேரை இன்னும் விரிக்கலாம். ‘நகல்’ அரபு மூலமுடையது, நமக்கு வேண்டியதில்லை. கடிதத்துக்கும் நல்ல சொல் உண்டு: சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரியிறுத்த காதையில் கோசிகன் கோவலனிடம் சேர்ப்பது மாதவியின் முடங்கல். ஆகவே ‘முடங்கற்படியேடு’ எனலாம்.

* * *

ஐயா அவர்களின் சொல்லாய்வை மதிக்கிறேன். மாடிப்படி வரை ஏற என்னால் இயலவில்லை. எழுத்தர் கையால் பெயர்த்தெழுதிய ஏட்டில் எதுவும் எதன்மேலும் படியவில்லை. மொழிபெயர்ப்பாளர் கேட்பதோ அந்த ஏட்டுக்கான பெயர். மேலும், பஞ்சப்படியும் பயணப்படியும் வாங்கும் அலுவலர் ஒருவர் ‘படியேடு’ என்ற சொல்லைக் கண்டால் சம்பளக் கணக்கைத்தான் தேடுவார். ‘நகல்’ வட்டாட்சியர் அலுவலகத்து மனு எழுதுபவருக்கும் தெரிந்த சொல். அதன் பிறப்பை அங்கே எவரும் விசாரிப்பதில்லை.

சொல் எதுவானாலும் அது ஒரு வேறுபாட்டைக் காக்க வேண்டும். 1835இல் வாஷிங்டன் தளத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது ஐசக் ஹல் கமாண்டன்டாக இருந்தார். அவர் செயலருக்கு எழுதிய கடிதம் ஒன்றை மாணவர் மேற்கோள் காட்டினால், செயலரிடம் சேர்ந்த மூலத்தைப் பார்த்தாரா, தளத்திலேயே தங்கிய பெயர்ப்பைப் பார்த்தாரா என்பது தெரிய வேண்டும். பெயர்த்தெழுதியவர் ஒரு வரியை விட்டிருக்கவும் கூடும். எனவே ‘அனுப்புகை நகலேடு’ என்பதை முன்மொழிகிறேன். அழுத்திப் படியெடுத்ததை மட்டும் ‘அழுத்த நகலேடு’ எனலாம்.

* * *

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் பெரும்பாலோர் ‘அனுப்புகை நகலேடு’ பக்கம் சாய்கிறார்கள். ‘அனுப்புகை’ நாவில் உருளவில்லை என்று அவர்களே குறைப்படவும் செய்கிறார்கள். நாள் நெருங்குவதால் அதையே இடுகிறேன். ‘படியேடு’ அடிக்குறிப்பில் வரும்.

* * *

அடிக்குறிப்பில் இடுவதானால் ‘முடங்கற்படியேடு’ என்று முழுமையாக இடுங்கள். அழுத்திப் படியெடுத்த ஏட்டுக்கு ‘நகல்’ பொருந்தாது என்ற என் மறுப்பில் மாற்றமில்லை.