கேட்ரிட்ஜுக்குள் உறங்கும் ஜப்பானியப் பதிப்பைச் சீட் கோடு கொண்டு எழுப்ப முடியுமா?

இரட்டைவால்:
அனைவருக்கும் வணக்கம். சேகாவின் மெகா டிரைவ் கன்சோலுக்கான சோனிக் 2 விளையாட்டை எமுலேட்டரில் (கன்சோலைப் போலவே இயங்கும் கணினி நிரலில்) ஓட்டிக்கொண்டிருந்தபோது, அமைப்பில் இருந்த நாட்டை ஜப்பான் என்று மாற்றிப் பார்த்தேன். சோனிக்கின் தோழனின் பெயர் டெய்ல்ஸ் என்று இருந்த இடத்தில் மைல்ஸ் என்ற பெயர் வந்து நின்றது. விளையாட்டின் கோப்பு எதையும் நான் மாற்றவே இல்லை. அப்படியானால், உண்மையான கன்சோலிலும், கேட்ரிட்ஜுக்கும் கன்சோலுக்கும் நடுவே செருகும் கேம் ஜீனி போன்ற கருவியில் ஒரு சீட் கோடை (விளையாட்டின் போக்கை மாற்றும் குறியீட்டை) போட்டு இதைச் செய்ய முடியுமா? நின்டெண்டோவின் என்இஎஸ் கருவிக்கான காசில்வேனியா 3 விளையாட்டின் ஜப்பானிய இசையையும் இதே வழியில் பெற முடியுமா?

பதினாறுபிட்:
முதல் கேள்விக்கு முடியும் என்பதே விடை. மெகா டிரைவின் குறிப்பிட்ட ஒரு முகவரியைப் படித்தால், அந்த இயந்திரம் ஜப்பானுக்காகச் செய்யப்பட்டதா வெளிநாட்டுக்கா என்று ஒரு பிட்டும் (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்), திரை 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று இன்னொரு பிட்டும் சொல்லிவிடும். ஒரே ரோமை (கேட்ரிட்ஜில் விளையாட்டு பதிந்திருக்கும் நினைவகத்தை) உலகெங்கும் விற்க விரும்பியவர்கள் இரண்டு பெயர்களையும் உள்ளேயே வைத்துவிட்டு, எதைக் காட்டுவது என்பதை இந்தப் பிட்டைப் பார்த்து முடிவு செய்தார்கள். ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் ஜப்பானிய இயந்திரத்தில் பேர் நக்கிள் ஆவதும் இதனால்தான். சேகாவின் கையடக்கக் கருவியான கேம் கியரில் இது நேர்மாறாகவும் நடந்திருக்கிறது: ஜப்பானில் விற்ற புயோ புயோ கேட்ரிட்ஜை வெளிநாட்டுக் கருவியில் செருகினால், அது பஸ்லோ கிட்ஸ் என்ற ஆங்கில விளையாட்டாக மாறிவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேம் ஜீனி மாற்றுவது கேட்ரிட்ஜிலிருந்து படிக்கப்படும் எண்களை மட்டுமே. அந்தப் பிட்டோ கன்சோலுக்குள் இருப்பதால் அதை நேரடியாகத் தொட முடியாது. ஆகவே பிட்டைச் சோதித்துக் கிளை பிரியும் கட்டளை ரோமில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, சோதனையின் முடிவு எதுவாயினும் ஜப்பானியக் கிளைக்கே போகும்படி அதை மாற்ற வேண்டும். ஒரு விளையாட்டுக்கு எழுதிய கோடு மற்றொன்றுக்கு உதவாமல் போவதற்குக் காரணம் இதுவே.

சதுர_அலை:
காசில்வேனியா 3 குறித்து ஏமாற்றமான விடையைத்தான் தர வேண்டியிருக்கிறது. 1989இல் ஜப்பானில் வந்த கேட்ரிட்ஜுக்குள் கொனாமி விஆர்சி6 என்ற தனிச் சில்லை வைத்திருந்தது. என்இஎஸ்ஸின் ஜப்பானிய வடிவமான ஃபேமிகாமின் ஐந்து ஒலித் தடங்களுடன் அது மேலும் மூன்றைச் சேர்த்தது. வெளிநாட்டு என்இஎஸ்ஸில் கேட்ரிட்ஜிலிருந்து வரும் ஒலியைக் கன்சோலின் ஒலியோடு கலக்கும் இணைப்பு செருகுவாயில் கிடையாது. ஆகவே அமெரிக்கப் பதிப்பு வேறொரு சில்லோடு, இசையை ஐந்து தடங்களுக்குள் சுருக்கிக்கொண்டு வெளிவந்தது. இல்லாத சில்லை எந்தக் கோடும் ஒலிக்க வைக்காது. என் காதுக்கு அந்த மூன்று தடங்களின் இழப்பு பெரிய இழப்பு. 2019இல் வந்த காசில்வேனியா ஆண்டுவிழாத் தொகுப்பில், பின்னர் தந்த இலவசப் புதுப்பிப்பின் வழியாக ஜப்பானியப் பதிப்பையும் சேர்த்தார்கள். நேர்மையான வழி அதுவே.

இரட்டைவால்:
விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் பேர் நக்கிள் 3 எந்த வகையில் சேரும்? அதுவும் உள்ளே ஒளிந்திருக்கிறதா?

பதினாறுபிட்:
அது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் வெளிநாட்டுப் பதிப்பில் கதை மாற்றி எழுதப்பட்டது, விளையாட்டும் கடினமாக்கப்பட்டது, ஆஷ் என்ற எதிரி நீக்கப்பட்டார். இவையெல்லாம் வேறொரு ரோமாகவே அச்சானதால், நாட்டின் பிட்டைத் திருப்பி ஜப்பானியக் கதையைப் பெற இயலாது. ஆனால் ஆஷின் படங்களை மட்டும் அழிக்காமல் விட்டுவிட்டார்கள். கோடு போட்டு அவரை வெளிநாட்டுக் கேட்ரிட்ஜிலும் ஆட வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாம்உயிர்:
கோடுகளைத் தேடிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பழைய விளையாட்டுகளை உள்ளே பதித்து 2019இல் வந்த சிறிய கன்சோலான மெகா டிரைவ் மினியில் கருவியின் மொழியை ஜப்பானியத்துக்கு மாற்றினால், பல விளையாட்டுகளின் ரோமே ஜப்பானியப் பதிப்பாக மாறிவிடும். கான்ட்ரா: ஹார்ட் கார்ப்ஸ் அமெரிக்கப் பதிப்பில் ஒரே அடியில் ஓர் உயிர் போய்விடும், ஜப்பானியத்தில் மூன்று அடிகள் வரை தாங்கலாம். அதற்காகவே நான் மொழியை மாற்றி வைத்திருக்கிறேன். மெனு முழுவதும் ஜப்பானிய எழுத்துக்கு மாறிவிடுவதால், திரும்பி வருவதற்கான பொத்தான் வரிசையை முதலிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.