கடையைச் சாய்த்தது மின்நூலா?

பெரியப்பா: புத்தகக் கடைகள் படுத்ததற்கு இந்த மின்நூல்தான் காரணம். யாராவது மறுத்துப் பேசுங்கள், பார்க்கலாம்.

கார்த்தி: நீங்களே அமேசானின் மின்நூல் கருவியான கிண்டிலில்தானே படிக்கிறீர்கள் பெரியப்பா 😀

பெரியப்பா: எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், அதனால் படிக்கிறேன். அது வேறு கதை.

சித்தி: பதிப்பக விற்பனைப் பிரிவில் இருப்பவள் சொல்கிறேன் மாமா. அடி எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே மாதிரி விழவில்லை. ஒரே மூச்சில் படித்துத் தூக்கிப் போடும் துப்பறியும் கதை, காதல் கதை எல்லாம் மின்நூலுக்குப் போயின. மலிவுப் பதிப்பு அங்கேதான் சரிந்தது. குழந்தைகளின் படப் புத்தகம் பக்கம் பெரிய அசைவே இல்லை.

கார்த்தி: அப்படியென்றால் அமெரிக்காவில் பார்டர்ஸ் என்ற பெரிய புத்தகக் கடை நிறுவனம் ஏன் 2011இல் மூடியது சித்தி?

சித்தி: கிண்டில் வந்ததே 2007 கடைசியில். பார்டர்ஸ் 2001இலேயே தன் இணைய விற்பனையை அமேசானிடம் ஒப்படைத்துவிட்டது. போட்டிக்காரனிடமே கல்லாச் சாவியைக் கொடுத்த மாதிரி! கடன் வேறு. அச்சுப் புத்தகத்தையே இணையத்தில் தள்ளுபடிக்கு விற்றதுதான் கடைகளை அதிகம் சாய்த்தது என்பேன்.

அத்தை: பதிப்பகத்துக்கு லாபம்தானேம்மா? காகிதம் இல்லை, அச்சுக்கூலி இல்லை.

சித்தி: அதைவிட, திரும்பி வருவது இல்லை அண்ணி. கடையில் விற்காத பிரதிகள் எங்களிடமே வந்துவிடும். கட்டைப் பிரித்தால் மூலை மடங்கியிருக்கும், அட்டையில் விலைச் சீட்டின் பசை ஒட்டியிருக்கும். அப்படிப்பட்டதை மறுபடி விற்க முடியாது, எடைக்குத்தான். மின்நூலில் இந்தத் தலைவலி கிடையாது.

பெரியப்பா: பிறகு எதற்கம்மா பதிப்பகங்கள் அமேசானோடு சண்டை போட்டன?

சித்தி: விலைக்காக. சுடச்சுட வந்த புத்தகத்தையே மின்நூலாக 9.99 டாலருக்கு, நட்டத்துக்குக்கூட அமேசான் விற்றது. வாசகருக்கு அந்த விலை பழகிவிட்டால் கெட்டி அட்டைப் பதிப்பை யார் வாங்குவார்கள்? 2010இல் மின்நூல் விற்க ஆப்பிள் வந்ததும் ஐந்து பெரிய பதிப்பகங்கள் விலையைத் தாங்களே வைக்க ஆரம்பித்தன. கூட்டுச் சேர்ந்து விலை ஏற்றினார்கள் என்று 2012இல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது.

கார்த்தி: எனக்கு வேறு கடுப்பு. மின்நூலைப் படித்து முடித்ததும் பழைய புத்தகமாக விற்க முடியாது. 2009இல் கிண்டிலில் காசு கொடுத்து வாங்கிய சில நூல்களை அமேசானே அழித்தது, அமேசான் வழியாக அவற்றை விற்ற நிறுவனத்துக்குப் பதிப்புரிமை இல்லையாம். பணம் திரும்பி வந்தது.

அத்தை: வாங்கினவன் கேட்காமலேயா? அநியாயம்!

பெரியப்பா: இருங்கள், என்னுடையதெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

கார்த்தி: முதலில் சார்ஜ் இருக்கிறதா பாருங்கள் பெரியப்பா.