மாக்னா கார்ட்டாவுக்கு இவ்வளவு பெருமை தேவையா?

பழையபேட்டை:
மனித உரிமை என்று யார் வாயைத் திறந்தாலும் 1215, இங்கிலாந்தில் மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வைத்த ரன்னிமீடு என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தச் சாசனத்தைப் படித்தவர் எத்தனை பேர்? ஜான் மன்னன் பணம் கேட்டு நெருக்க, பிரபுக்கள் படை திரட்டி வந்து வாங்கிய ஒப்பந்தம் அது. மொத்தம் 63 பிரிவுகள். வாரிசுக் கட்டணம், தேம்ஸ் ஆற்றில் மீன்பிடித் தடுப்புகளை அகற்றுவது, இப்படிப் போகிறது. பெண் கொடுக்கும் கொலைப் புகாரில், செத்தவன் அவள் கணவனாக இருந்தாலொழிய யாரையும் கைது செய்யக்கூடாது என்கிறது 54ஆம் பிரிவு. பண்ணையடிமையாகக் கிடந்த உழவனுக்குப் புகழ்பெற்ற 39ஆம் பிரிவில் இடமே இல்லை.

கோர்ட்டுவாசி:
சார், அந்த 39இல் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லியிருக்கலாமே. நிகரானவர்களின் தீர்ப்போ நாட்டுச் சட்டமோ இல்லாமல் சுதந்திரக் குடி எவனையும் பிடிக்கவோ, சிறையிலடைக்கவோ, சொத்தைப் பறிக்கவோ, நாடு கடத்தவோ கூடாது. அதாவது மன்னனுக்கு மேலே சட்டம். உழவன் விடுபட்டது உண்மைதான். ஆனால் 1354இல் மூன்றாம் எட்வர்ட் காலத்துச் சட்டம், எந்த நிலையில் உள்ளவனுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று விரித்துவிட்டது.

பழையபேட்டை:
ஏட்டில் உண்டு! ஜூன் 15இல் முத்திரை வைத்தார்கள், ஆகஸ்ட் 24இல் போப் மூன்றாம் இன்னசென்ட் செல்லாது என்றுவிட்டார். பத்தே வாரம். அப்புறம் 1225இல் திரும்ப வந்தது, சரி. அது நடப்பில் இருக்கும்போதே 1290இல் முதலாம் எட்வர்ட் யூதர்கள் அத்தனை பேரையும் இங்கிலாந்தை விட்டு விரட்டினான். நாடு கடத்தக்கூடாது என்ற வரி யாரைக் காப்பாற்றியது?

சாக்பீஸ்:
வரலாறு நடத்துகிறவள் என்பதால் குறுக்கே வருகிறேன். இரண்டு பேரும் 1215லேயே நிற்கிறீர்கள். 1225தான் எனக்கு முக்கியம். மூன்றாம் ஹென்றிக்குப் பணம் தேவைப்பட்டது. அசையும் சொத்தில் பதினைந்தில் ஒரு பங்கை வரியாகக் கொடுத்து, பதிலுக்குச் சாசனத்தை உறுதிப்படுத்தி வாங்கினார்கள். வரி வேண்டுமா, உரிமையைக் கொடு என்ற பேரம் அதற்குப் பிறகு விடவே இல்லை. 1627ஐப் பாருங்கள். முதலாம் சார்லஸ் கட்டாயக் கடன் கேட்டார். தரமாட்டோம் என்ற ஐந்து பேர் உள்ளே போனார்கள். காரணம் கேட்டால் 'அரசரின் தனி உத்தரவு', அவ்வளவுதான். நீதிமன்றம் அவர்களை விடுவிக்கவில்லை. அடுத்த ஆண்டே சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் முதலானவர்கள் நாடாளுமன்றத்தில் இந்தச் சாசனத்தை முன்னால் வைத்து, காரணம் காட்டாமல் சிறையிலடைக்கக்கூடாது என்ற உரிமை மனுவை நிறைவேற்றினார்கள். 1679இல், சிறையில் வைத்தவரை நீதிமன்றத்தில் நிறுத்திக் காரணம் சொல்ல வைக்கும் ஆட்கொணர்வுச் சட்டம்.

பழையபேட்டை:
மேடம், நான் சொல்வதையே நீங்களும் சொல்கிறீர்கள். சாதித்தது 17ஆம் நூற்றாண்டு வக்கீல்கள். அவர்களுக்கு ஒரு பழைய காகிதம் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்கள்.

சாக்பீஸ்:
கையில் எடுக்க அந்தக் காகிதம் இருந்ததே! மன்னர்களே மறுபடி மறுபடி உறுதி செய்த காகிதம். அதனால்தான் சார்லஸால் அதைப் பொய் என்று சொல்ல முடியவில்லை.

பழையபேட்டை:
அப்படியானால் இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்காரர்களுக்கு ஏன் உதவவில்லை? அங்குள்ள டியகோ கார்சியா தீவில் அமெரிக்கத் தளம் வர வேண்டும் என்று 1973க்குள் அத்தனை பேரையும் பிரிட்டன் கப்பலேற்றியது. 2000இல் லண்டன் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2004இல் அரசியின் பெயரில் நாடாளுமன்றத்துக்கே போகாமல் ஓர் ஆணை, மறுபடி தடை. 2008இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்று அந்த ஆணை செல்லும் என்றது. சாசனத்தின் அந்த 39ஆம் பிரிவு, 29 என்ற எண்ணோடு இன்றும் பிரிட்டனில் நடப்பில் இருக்கிறது, தெரியுமா?

கோர்ட்டுவாசி:
தெரியும். தோற்ற வழக்கை மட்டும் எண்ணாதீர்கள். சென்னை மாகாண அரசு தடுப்புக்காவலில் வைத்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1950இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். சட்டம் சொன்ன நடைமுறை இருந்தால் போதும், அது நியாயமா என்று பார்க்க மாட்டோம் என்றார்கள். 1978இல் மேனகா காந்தி வழக்கில் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவலான நம் அரசியலமைப்பின் அதே 21ஆம் பிரிவுக்கு, நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 28 ஆண்டு ஆனது, ஆனால் வந்தது.

பழையபேட்டை:
இடையில் 1976ஐ விட்டுவிட்டீர்களே. நெருக்கடி நிலையில் உள்ளே கிடந்தவர்கள் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று நாலு நீதிபதிகள் எழுதினார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார், தலைமை நீதிபதி பதவியையும் இழந்தார். அவரைப் பற்றித் தனி இழை போடுங்கள், வருகிறேன். ரன்னிமீடுக்கு மாலை போட என்னைக் கூப்பிடாதீர்கள்.