பிள்ளைங்களுக்கு ரூன்ஸ்கேப் காட்டின கதை: உங்களுக்கு என்ன ஆச்சு?

பழைய மரவெட்டி:
ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்ங்கிற ஆன்லைன் ஆட்டத்தை ஆடினவங்கதான் இங்க இருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். மகளுக்கு 13 முடிஞ்சது. கணக்கு திறந்து, காசு கட்டி மெம்பர்ஷிப்பும் போட்டுக் குடுத்தேன். ஆட்டம் கத்துக்குடுக்கற டுடோரியல் தீவைத் தாண்டி, ஆரம்ப ஊரான லம்பிரிட்ஜ்ல இறங்கி, ஆத்துக்கு அந்தாண்ட கோப்ளின்ங்கிற குட்டிப் பூதங்களை அடிச்சிட்டிருந்தா. கையில வெண்கல வாள், மரக் கேடயம்.

ஒருத்தர் வந்து நின்னார். தலையில இருந்து கால் வரைக்கும் ரூன் கவசம், லெவல் நூறைத் தாண்டினவர். பேச்சே இல்ல. இவ அடிக்கிறதைப் பாத்துட்டே நின்னவர், திடீர்னு டிரேட் கேட்டார். திறந்தா அவர் பக்கம் ஸ்டீல் ஸ்கிமிட்டர் வாள், அமுலெட் ஆஃப் பவர்ங்கிற தாயத்து, சாப்பிட லாப்ஸ்டர் ஒரு அடுக்கு. இவ பக்கம் காலி. "அப்பா, சும்மா எப்படி வாங்கறது?"ன்னு கேட்டுட்டு, தீவுல சமைச்சுக் கொண்டுவந்த ஒரே ஒரு இறாலை எடுத்து வெச்சா. அவர் அதை ஏத்துக்கிட்டார். நன்றின்னு எழுதினார். அப்புறம் "என் பின்னால வா"ன்னு எழுதிட்டு வடக்கு நோக்கி நடக்க ஆரம்பிச்சார்.

நான் மவுஸைப் பிடுங்கி லாகவுட் பண்ணிட்டேன். வடக்கே வேரக் ஊர் பேங்கும் இருக்கு, இன்னும் மேல போனா ஆட்டக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் கொன்னு பொருளைப் பிடுங்கற வைல்டர்னஸும் இருக்கு. எதைக் காட்டக் கூப்பிட்டாரோ. நாளைக்கே இன்னொருத்தர் கூப்பிட்டாலும் நான் இதைத்தான் செய்வேன். ஆனா இவ விடமாட்டேங்கறா: "அந்த அண்ணா திரும்பிப் பாத்திருப்பார்லப்பா?"

சேலத்துச் சித்தி:
எங்க வீட்டுக் கதை இறால் இல்லை, கோழி. அக்கா பொண்ணு லீவுக்கு வந்திருந்தா. லம்பிரிட்ஜ் கோழிப் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போனேன். எல்லாரும் ஆரம்பிக்கிற இடம்தானே. அங்க வர்றவங்க இறகை மட்டும் பொறுக்குவாங்க, எலும்பு அப்படியே தரையில கிடக்கும். இவ ஒரு கோழியைக்கூடத் தொடல. மத்தவங்க விட்டுட்டுப் போன எலும்பைத் தேடித்தேடி எடுத்துப் புதைச்சிட்டிருந்தா. "அடிடி, லெவல் ஏறும்"ங்கறேன். "அதுக்கும் யாராவது செய்யணும்ல சித்தி"ங்கறா. பக்கத்துல ஒருத்தன் அவளைக் கிண்டல் பண்ணி என்னமோ எழுதினான். இவ அவன் போட்ட கோழியோட எலும்பையும் எடுத்துப் புதைச்சா.

எங்க மாமா கணக்குப் புலி. ஒரு எலும்பு புதைச்சா 4.5 புள்ளி, 99-வது லெவலுக்கு 1,30,34,431 வேணும், அப்ப ஏறத்தாழ 29 லட்சம் கோழின்னு சொல்லி அவளைப் பயமுறுத்தப் பாத்தார். அவ அசரல.

பிரவுசிங் சென்டர் பாய்:
மரவெட்டி சார், கோவிச்சுக்காதீங்க. மவுஸைப் பிடுங்கினா பிள்ளை என்னத்தைக் கத்துக்கும்?

"கவசத்தை ட்ரிம் பண்ணி, ஓரத்துல அலங்காரக் கரை போட்டுத் தரேன், காசு வேணாம்"னு சொல்லிக் கவசத்தை வாங்கிட்டு ஓடறவன் கதை உங்க எல்லாருக்கும் தெரியும். மணிக்கு இருபது ரூபா குடுத்து ஆடின காலத்துல நானும் பாத்திருக்கேன். அதே வசனத்தோட ஒருத்தன் போன மாசம் என் பையன்கிட்ட வந்தான். நான் பின்னால நாற்காலியில உக்காந்து வாயை மூடிட்டுப் பாத்துட்டிருந்தேன், கை துறுதுறுங்குது. பையன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு எழுதினான்: "முதல்ல நீங்க போட்டிருக்கிறதை ட்ரிம் பண்ணிக் காட்டுங்க." அந்தாளு டெலிபோர்ட் ஆகிப் போயிட்டான்! ட்ரிம் பண்ணின கவசம், க்ளூ ஸ்க்ரோல்ங்கிற துப்புச் சீட்டுப் புதிரை முடிச்சா வர்ற பெட்டியில மட்டும்தான் கிடைக்கும்னு பையனுக்கு நான் சொல்லியே குடுக்கல.

இந்த மாதிரி ஆளுங்களுக்குப் பயந்து எல்லாத்தையும் பூட்டினா ஆட்டமே செத்துடும். 2007 டிசம்பர்ல வைல்டர்னஸ்ல ஒருத்தரை ஒருத்தர் அடிக்கிறதை எடுத்தாங்க, 2008 ஜனவரியில டிரேடுக்கும் பூட்டு. எத்தனை பேர் விட்டுட்டுப் போனாங்க, ஞாபகம் இருக்கா?

அயர்ன்மேன் மாமா:
பாய், அந்தப் பூட்டு ஏமாத்துக்காரங்களுக்காகப் போட்டதில்ல. நிஜப் பணத்துக்கு ஆட்டத்துத் தங்கத்தை வித்தவங்களைத் தடுக்கப் போட்டது. ஆட்டக்காரங்க ஓட்டுப் போட்டு, 2011 பிப்ரவரியில ரெண்டையும் திரும்ப வாங்கினாங்க. நீங்க ஆடற ஓல்டு ஸ்கூல், பழைய ஆட்டத்தோட 2007 ஆகஸ்ட் பிரதியை எடுத்து 2013-ல திறந்த ஆட்டம், அதுல இந்தப் பூட்டு இருந்ததே இல்ல. கதையைக் கலக்காதீங்க.

என் அனுபவம் சின்னது. பேரனுக்கு அயர்ன்மேன் கணக்கு போட்டுக் குடுத்தேன், நிம்மதியா தூங்கறேன்.

யாரும் கேக்கலைன்னாலும் சொல்றேன். அயர்ன்மேன்னா அடுத்தவங்ககிட்ட டிரேடே கிடையாது, ஆட்டக்காரங்க வாங்கி விக்கிற சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்சும் கிடையாது. வாள் வேணுமா, தாதுவை வெட்டி, உருக்கி, தானே அடிச்சுக்கலாம். டிரேட்ல குடுக்கறவனும் இல்ல, பிடுங்கறவனும் இல்ல. தனியா ஆட போரடிக்குதுன்னா 2021-ல வந்த குரூப் அயர்ன்மேன் இருக்கு. ரெண்டு பேர்ல இருந்து அஞ்சு பேர் வரைக்கும் ஒரு குழு, பண்டமாற்று குழுவுக்குள்ள மட்டும்தான். அப்பன், மக, அத்தை, சித்தின்னு ஒரு குடும்பமே சேரலாம். மரவெட்டிக்கு இதுதான் சரி.

அடுத்து சாட் பெட்டிக்குக் கீழ இருக்கிற பொத்தான்கள். பப்ளிக், பிரைவேட், டிரேட் மூணையும் நண்பர்களுக்கு மட்டும்னு மாத்தி வைங்க. கடவுச்சொல் விஷயம்: "உன் பாஸ்வேர்டை இங்க டைப் பண்ணா நட்சத்திரமா மறைஞ்சிடும், வேணும்னா பாரு"ன்னு எவனாவது தூண்டில் போடுவான். அதை முதல் நாளே பிள்ளைகிட்ட சொல்லிடணும். லாகின் பண்ண ஃபோன்ல கோட் காட்டற ஆதென்டிகேட்டர் போடறது கட்டாயம், ஃபோன் உங்ககிட்ட இருக்கட்டும். அப்புறம் வேரக்குக்குத் தெற்கே கல் வட்டத்துல நிக்கிற கருப்பு மந்திரவாதிங்க. சின்ன லெவல் பிள்ளை அந்தப் பாதையில போனா அவங்களா வந்து அடிப்பாங்க. சுத்திப் போகச் சொல்லுங்க. அப்புறம் பேங்க் பின் நம்பர்...

சேலத்துச் சித்தி:
மாமா, எங்க வீட்ல எலும்பு புதைக்கிறவளுக்கு ஆதென்டிகேட்டர் எதுக்கு? போலீஸ் ஸ்டேஷன் மாதிரி பேசறீங்க. அப்புறம், யாரும் ஒண்ணும் குடுக்கவே கூடாதுன்னா அந்த இறாலும் கிடையாது. மரவெட்டி மக அதை எடுத்து வெச்சதுதான் இந்தப் பக்கத்துலயே எனக்குப் பிடிச்ச விஷயம்.

பழைய மரவெட்டி:
குரூப் அயர்ன்மேன் பத்தி அவகிட்ட சொன்னேன். "அப்ப அந்த அண்ணாவையும் சேத்துக்கலாமா?"ன்னு கேக்கறா. மாமா, இதுக்கு என்ன பொத்தான்?

கோவைக்காரி:
நான் இந்த ஆட்டம் ஆடினதே இல்ல. பையன் பக்கத்துல உக்காந்து பாத்ததுதான். கோட்டைச் சமையல்காரருக்குக் கேக் செய்ய முட்டை, பால், மாவு வேணும்னு அனுப்பினாங்க. கோழிப் பண்ணையில முட்டை கிடைச்சது, மாட்டுகிட்ட வாளியோட போனான், பால் கிடைச்சது. மாவுக்குக் கோதுமை பறிச்சு, காத்தாலை மேல் மாடிக்கு ஏறித் தொட்டியில போட்டு, நெம்புகோலை இழுத்துட்டு, மாவு வரலைன்னு உக்காந்து அழறான். வீட்ல அரிசி எடுத்துட்டு மில்லுக்குப் போனா மாவு எங்க விழும்னு கேட்டேன். "கீழ"ன்னான். அப்புறம் ஒரே ஓட்டம், பானையைத் தூக்கிட்டுக் கீழ. மாவைப் பிடிச்சதும் என்னைப் பாத்த பார்வை இருக்கே, பத்தாவது ரிசல்ட்டுக்குக்கூட அப்படிப் பாக்கமாட்டான்.

என் பிரச்சனை வேற. இட்லி ஆறிட்டிருக்கு, கூப்பிட்டா "சண்டையில இருக்கேன்மா, வெளிய வர முடியாது"ங்கறான். கொஞ்சம் நிறுத்தி வை, பாஸ் பண்ணுன்னா அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்கறான். பொய்தானே?

பிரவுசிங் சென்டர் பாய்:
பாஸ் கிடையாதுங்கறது நிஜம். சண்டையில லாகவுட் ஆகாதுங்கறதும் நிஜம். ஆனா சண்டை ஓய்ஞ்சு பத்து விநாடி ஆனா வந்துடலாம். அதை உங்ககிட்ட சொல்லியிருக்கமாட்டானே.