காற்று தடுத்தால் துணைக்கோளின் வேகம் கூடுமா, குறையுமா?

தராசு:
11ஆம் வகுப்பு மாதிரித் தாள் ஒன்றில் ஒரு கேள்வி: '400 கி.மீ. உயரத்தில் வட்டப்பாதையில் சுற்றும் துணைக்கோள், காற்றுத் தடையால் கீழே இறங்குகிறது. அதன் வேகம் என்னவாகும்?' விடைக்குறிப்பில் 'கூடும்' என்று இருக்கிறது. தப்பு என்கிறேன். தடை விசை இயக்கத்துக்கு எதிர்த்திசையில். ஆற்றல் வெப்பமாகப் போகிறது. பிறகு வேகம் கூட ஆற்றல் எங்கிருந்து வரும்?

கோணமானி:
விடைக்குறிப்பு சரிதான். வேகம் கூட ஆற்றல் நிலை ஆற்றலிலிருந்து வருகிறது. கணக்குப் போட்டே பாருங்கள். பூமியின் ஆரம் 6371 கி.மீ. எனவே சுற்றுப்பாதை ஆரம் 6771 கி.மீ., வேகம் 7673 மீ/வி. 10 கி.மீ. இறங்கினால் ஆரம் 6761, வேகம் 7678. ஏறக்குறைய 5.7 மீ/வி கூடுகிறது.

இனி ஒரு கிலோவுக்கு ஆற்றல்: நிலை ஆற்றல் 87 கிலோ ஜூல் குறைகிறது. அதில் பாதி, 43.5 கிலோ ஜூல், இயக்க ஆற்றலாகிறது. மீதிப் பாதி வெப்பம். அழிவின்மை விதிக்கு ஒரு குறையும் இல்லை.

தராசு:
ஆற்றல் கணக்கு ஒத்துப்போகிறது. விசைப்படி சொல்லுங்கள். வட்டப்பாதையில் ஈர்ப்பு விசை வேகத்துக்குச் செங்குத்து, அது வேகத்தை மாற்றாது. தொடுகோட்டுத் திசையில் இருப்பது தடை விசை ஒன்றுதான், அதுவும் பின்னோக்கி. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி வேகம் குறைந்தே ஆகவேண்டும்.

கோணமானி:
'வட்டப்பாதை' என்ற அந்த இடத்தில்தான் சறுக்கல். இறங்கும்போது பாதை வட்டமில்லை, உள்நோக்கிச் சுருளும் பாதை. வேகத்தின் திசை கிடைமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வால் ஈர்ப்பு விசைக்கு வேகத்தின் திசையில் ஒரு சிறு கூறு கிடைக்கிறது. அதன் அளவு சரியாகத் தடை விசையின் இரண்டு மடங்கு. முன்னோக்கி இரண்டு பங்கு, பின்னோக்கி ஒரு பங்கு. நிகரமாக ஒரு பங்கு முன்னோக்கி. மேலே பார்த்த 87, 43.5 என்ற பாதிப் பங்கீடும் இதுவேதான்.

நுண்கணிதம்:
இரண்டுபேரும் சொல்லாத ஒரு பிழை. மொத்த ஆற்றல் கிலோவுக்கு −29.43 மெகா ஜூலில் இருந்து −29.48 ஆகிறது. மாணவர்களில் பலர் எதிர்க்குறியை விட்டுவிட்டு 'எண் பெரிதாயிற்று, ஆற்றல் கூடிற்று' என்று எழுதுகிறார்கள். எண்கோட்டில் புள்ளி இடப்பக்கம் நகர்வதை வரைந்து காட்டினால் இது தீரும். அடுத்த பிழை: 10 கி.மீ.க்கான நிலை ஆற்றல் மாற்றத்துக்கு 9.8 என்ற மதிப்பைப் போட்டு 98 கிலோ ஜூல் என்பது. அந்த உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் 8.7 மீ/வி². தரையில் உள்ளதில் 89 விழுக்காடு. 'மேலே ஈர்ப்பே இல்லை' என்று நினைப்பவர்களுக்கும் இந்த எண்ணையே காட்டலாம்.

தராசு:
இரண்டு மடங்குக் கூறு என்னை யோசிக்க வைத்தது, ஏற்கிறேன். ஆனால் கேள்வியை ஏற்க மாட்டேன். 100 கி.மீ.க்குக் கீழே அடர்ந்த காற்றில் இறங்கும்போது தடை விசை பெருகிக்கொண்டே போய் எடையையும் தாண்டும். அங்கே வேகம் மளமளவென்று குறைகிறது. 'தடை எடையைவிட மிகச் சிறியது, பாதை ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ வட்டமே' என்ற நிபந்தனை கேள்வியில் இல்லை. அது இல்லாமல் 'கூடும்' என்று மனப்பாடம் செய்கிற பிள்ளை, பாராசூட் கணக்கிலும் அதையே எழுதும்.

கோணமானி:
நிபந்தனை வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்காகக் கேள்வியையே நீக்கக்கூடாது. 'தடை என்றால் வேகம் குறையும்' என்ற வாய்ப்பாட்டை உடைக்க இதைவிட நல்ல கணக்கு பாடத்தில் இல்லை. இதன் மறுபக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள்: 400 கி.மீ.யிலிருந்து 410 கி.மீ.க்கு ஏற்ற, எஞ்சினை முன்னோக்கி இரண்டு முறை தலா 2.8 மீ/வி அளவுக்கு இயக்க வேண்டும். மொத்தம் சுமார் 5.7 மீ/வி வேகம் கூட்டுகிறோம். புதிய வட்டப்பாதையில் பார்த்தால் துணைக்கோள் முன்பைவிட 5.7 மீ/வி மெதுவாகப் போகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் யாரும் மனப்பாடமாக எழுத முடியாது.

தராசு:
அப்படியானால் வாசகம் இப்படி இருக்கட்டும்: '...மிக மெல்லிய காற்றில், பல நூறு சுற்றுகளில் 10 கி.மீ. இறங்குகிறது. வேக மாற்றத்தையும் வெப்பமான ஆற்றலையும் ஒரு கிலோவுக்குக் கணக்கிடுக.' இதற்கு 3 மதிப்பெண். 'ஈர்ப்பு விசையின் எந்தக் கூறு வேகத்தைக் கூட்டுகிறது? படம் வரைக' என்பதற்கு 2.

நுண்கணிதம்:
படத்தில் சாய்வைப் பெரிதாக்கி வரையச் சொல்லுங்கள். உண்மை அளவில் வரைந்தால் கோணம் கண்ணுக்கே தெரியாது, மறுபடியும் செங்குத்து என்றே எழுதுவார்கள்.