ஷோகேஸில் இருந்தது போச்சு, லாச்சியில் கிடந்தது பிழைத்தது

திருக்கடலூர்க்காரி:
தங்கையின் கலியாணம் 2005இல். ஸ்டூடியோக்காரர் படங்களை இரண்டு இறுவட்டில் (சிடியில்) கொப்பி பண்ணித் தந்தார். பொம்பிளை மாப்பிள்ளை படத்தோடு ஸ்டிக்கர் ஒட்டியதை அம்மா பெட்டியோடு ஷோகேஸில் வைத்தார். மற்றது உறைகூட இல்லாமல் அலுமாரி லாச்சிக்குள், சாவிக்கொத்தோடும் ஊசிப்பெட்டியோடும் உருண்டது.

போன மாதம் அப்பம்மாவின் திவசம். அவர் வாய்விட்டுச் சிரிக்கும் ஒரேயொரு படம் அந்தக் கலியாணத்தில் எடுத்ததுதான். சட்டம் போடலாமென்று ஷோகேஸில் இருந்த இறுவட்டை எடுத்தேன். கீழ்ப்பக்கம் கண்ணாடி மாதிரி, ஒரு கீறல் இல்லை. கொம்பியூட்டரோ அரைமணி நேரம் உறுமிவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்றது. தம்பி அதை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தான். ஊசியால் குத்தினது போல இருபது முப்பது ஓட்டை, வெளிச்சம் பொட்டுப் பொட்டாக வந்தது. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கைதான். ஈரக்காற்றில் ஸ்டிக்கரின் ஓரம் உப்பிக் கிளம்பியிருந்தது. பெரிய கெட்டிக்காரி மாதிரி அதை நான் உரிக்க, வெள்ளிப் பூச்சும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது.

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. நாம் பொத்திப் பொத்திப் பார்க்கும் கீழ்ப்பக்கம் 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்டிக். லேசர் அதற்குள்ளால் போய்த்தான் வாசிக்கிறது. எழுதியதெல்லாம் இருக்கும் சாயமும் அதன் மேல் வெள்ளியும் மற்றப் பக்கத்தில், நாம் பேனையால் பெயர் எழுதுகிறோமே, அங்கே. காவலுக்கு மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டும்.

லாச்சியில் கிடந்த இறுவட்டின் கீழ்ப்பக்கம் கீறலால் கோலம் போட்டிருந்தது. மெதுவான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து, பக்கத்து வீட்டுப் பழைய ட்ரைவில் போட்டோம். தயங்கித் தயங்கி எல்லாப் படமும் வந்தது. இத்தனை வருடம் இருட்டில் கிடந்ததும் நல்லதாய்ப் போயிருக்கிறது.

கிண்ணியா ஸ்டூடியோ:
அக்கா, துடைத்த விதம் சரி. வட்டமாகத் துடைத்தால் கீறல், பதிவு வட்டமாகப் போகும் தடத்தோடேயே ஓடும். குறுக்காக விழுந்த கீறலை ட்ரைவ் பிழைதிருத்தக் கணக்கால் சமாளித்துவிடும், தடத்தோடு நீளமாகப் போனால் கஷ்டம். கடையில் வாங்கிய பாட்டு இறுவட்டு மட்டும் எப்படி இன்னும் பாடுகிறது என்று எங்களிடம் கேட்காத ஆள் இல்லை. அது தொழிற்சாலையில் அச்சில் அழுத்தியது, குழிகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும். நாங்கள் எழுதித் தந்தவை சாயத்தில். வெயில் பட்டால் வெளிறும். மேல்பக்கக் கீறலுக்கு டிவிடி பரவாயில்லை, 0.6 மில்லிமீற்றர் தட்டு இரண்டை ஒட்டி நடுவில் சாயத்தை வைத்திருப்பார்கள். சாயம் அதிலும் சாயம்தான். யாராவது இன்னும் வைத்திருந்தால் இந்தக் கிழமையே இரண்டு இடத்தில் கொப்பி எடுங்கள்.

ஸ்டிக்கர் எங்கள் பிழை, ஒத்துக்கொள்கிறேன். படம் போட்டால்தான் கலியாணக் களை என்று எல்லோரும் கேட்டார்கள், ஒட்டினோம்.

கோட்டையடி:
வாசிக்காத தட்டு ஏழெட்டைக் கத்தரிப் பாத்தியில் நூல் கட்டித் தொங்கவிட்டேன், மான் வராமலிருக்க. நாலு மாதத்தில் வெள்ளி செதில் செதிலாக உதிர்ந்து, வெறும் பிளாஸ்டிக் வட்டம்தான் ஆடுகிறது. மான் முதல் நாளே வந்தது. கத்தரியைத் தின்றது. தட்டில் மூக்கை உரசிப் பார்த்துவிட்டுப் போனது.