நாப்கோ, மார்மன்-ஹெரிங்டன்: நேரில் பார்த்தவர்களும் ஓட்டியவர்களும் எழுதுங்கள்

மினசோட்டாவிலிருந்து

இங்கே கோடையில் நடக்கும் பழைய வண்டிக் கண்காட்சிகளில் எல்லோரும் பானெட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சினைப் பார்ப்பார்கள். நான் தரையில் படுத்து முன் ஆக்சிலைப் பார்ப்பேன். 1957 செவ்ரொலே முக்கால் டன் பிக்கப் ஒன்றின் அடியில் அப்படிப் படுத்தபோதுதான் நாப்கோ செய்த வேலை முழுதாகப் புரிந்தது. முன்னால் இருந்த டிஃபரன்ஷியல் (வளைவில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி) பின்னால் இருப்பதன் அச்சு அசல்! இரண்டுமே ஜெனரல் மோட்டார்ஸ் பாகம்தான்.

நாப்கோ என்பது மினியாபொலிஸில் இருந்த நார்த்வெஸ்டர்ன் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி. 1950-களில் பின் சக்கரங்கள் மட்டும் இழுத்த செவ்ரொலே, ஜிஎம்சி லாரிகளை நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக்கும் 'பவர்-பேக்' என்ற மாற்றுத் தொகுப்பை விற்றார்கள். கியர் பாக்ஸில் அவர்கள் கை வைக்கவில்லை. அதற்குப் பின்னால் ஒரு சின்ன ஷாஃப்ட், அதன் முனையில் தனியாகத் தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), அங்கிருந்து முன்னுக்கு ஒரு ஷாஃப்ட், பின்னுக்கு ஒன்று. வேறு லாரி வாங்கினால் மொத்தத்தையும் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம் என்றே விளம்பரம் செய்தார்கள். வேலை அவ்வளவு சுத்தமாக இருந்ததால் 1956-ல் ஜிஎம்சியும் 1957-ல் செவ்ரொலேயும் தொழிற்சாலையிலேயே இதைப் பொருத்தித் தர ஆரம்பித்தன.

அந்த வண்டியின் சொந்தக்காரர் வயலோரச் சேற்றில் ஓட்டிப் பார்க்கவும் விட்டார். நான்கு கியர் பெட்டியில் முதல் கியரின் பல் விகிதம் 7.05, ஆக்சிலில் 4.57. பெருக்கிப் பாருங்கள், எஞ்சின் 32 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. டிரான்ஸ்ஃபர் கேஸை 'லோ'வில் போட்டால் இது ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆக்சிலரேட்டரில் காலே வைக்காமல், கணுக்கால் புதையும் சேற்றில் வண்டி தானாக ஊர்ந்து போனது. எத்தனையோ புது வண்டிகள் ஓட்டியிருக்கிறேன், அந்த நிதானம் எதிலும் கிடைத்ததில்லை.

கொலராடோவிலிருந்து

அண்ணன் சேற்றைப் பற்றிச் சொன்னார், நான் காய்ந்த தார் ரோட்டைப் பற்றிச் சொல்கிறேன். இந்த வண்டிகளில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் கொஞ்சம் வழுக்கி அது சரியாகிவிடும், தாரில் வழுக்க இடமில்லை. ஷாஃப்ட் எல்லாம் முறுக்கேறி நிற்கும், நான்கு சக்கர இயக்கத்தை விடுவிக்கும் லீவரை இழுத்தாலும் வராது. என் நண்பரின் 1958 வண்டியில் எனக்கு இது நடந்திருக்கிறது. அவர் பதறாமல் ரிவர்சில் கொஞ்சம் எடுக்கச் சொன்னார், முறுக்கு விட்டதும் லீவர் வெண்ணெய் மாதிரி நழுவியது.

அவர் முன் சக்கரங்களில் வார்ன் கம்பெனியின் ஹப் (சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கவும் விடுவிக்கவும் உதவும் நடுப்பாகம்) போட்டிருக்கிறார். 1948-ல் சியாட்டிலில் தொடங்கிய கம்பெனி, முதலில் ஜீப்புகளுக்காகச் செய்தது. கையால் திருகி ஹப்பை விடுவித்துவிட்டால் சாதாரண ரோட்டில் முன் ஆக்சிலின் உள்பாகங்கள் வீணாகச் சுற்றாது. தேய்மானம் குறையும், ஸ்டியரிங்கும் லேசாகும்.

ஜோஹன்னஸ்பர்க் போய் வந்தவர்

நாப்கோவுக்கு முன்பே இந்த வேலையைச் செய்தவர்களை மறக்கக் கூடாது. வால்ட்டர் மார்மனும் ராணுவ வண்டிகளில் ஊறிய பொறியாளர் ஆர்தர் ஹெரிங்டனும் 1931-ல் இண்டியானாபொலிஸில் சேர்ந்து தொடங்கிய மார்மன்-ஹெரிங்டன் கம்பெனி அது. 1911-ல் அதே ஊரில் நடந்த முதல் இண்டி 500 கார் பந்தயத்தை வென்ற காரைச் செய்த அதே மார்மன் குடும்பம். 1930-களின் நடுவிலிருந்து ஃபோர்டு லாரிகளில் முன் சக்கரங்களும் இழுக்கும்படி இயக்கம் பொருத்தினார்கள். 1959 மாடலில் ஃபோர்டு சொந்தமாகச் செய்யத் தொடங்கும் வரை நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர்டு லாரி வேண்டுமென்றால் பெரும்பாலும் இவர்கள்தான்.

ஜோஹன்னஸ்பர்க் ராணுவ அருங்காட்சியகத்தில் இவர்கள் பெயரிலேயே ஒரு கவச வண்டி நிற்கிறது. சேஸிஸ் (அடிச்சட்டம்) கனடாவின் ஃபோர்டு, நான்கு சக்கர இயக்கம் மார்மன்-ஹெரிங்டன், கவசம் தென்னாப்பிரிக்காவில் செய்தது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஓடிய வகை. முதல் மாடலுக்குப் பின் சக்கர இயக்கம் மட்டும்தான், இரண்டாவதிலிருந்துதான் நான்கும் இழுத்தன. அந்தத் தகடுகளின் கனத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது, அடியில் இருப்பது ஒரு சரக்கு லாரி என்பதை நம்பவே முடியவில்லை.

மினசோட்டாவிலிருந்து மறுபடியும்

அருமை. தனிச் செய்தியில் சிலர் வாங்கும்போது என்ன பார்ப்பது என்று கேட்டார்கள். முன் சக்கரத்துக்கு உள்பக்கம் உருண்டையான இரும்புக் கூடு இருக்கும், அதன் சீலில் எண்ணெய் கசிகிறதா என்று முதலில் பாருங்கள். டிஃபரன்ஷியல் பாகம் பழைய ஜிஎம் லாரியிலிருந்து கிடைக்கும், நாப்கோ தனியாகச் செய்த இந்த முனைப் பாகங்கள் கிடைப்பதுதான் கஷ்டம். அப்புறம் இரண்டு ஆக்சிலிலும் பல் விகிதம் ஒன்றுதானா என்று சக்கரத்தைச் சுற்றி எண்ணிப் பாருங்கள். அரை டன் வண்டியில் 3.90, முக்கால் டன்னில் 4.57. வேகம் வேண்டும் என்று யாராவது பின்னால் மட்டும் மாற்றியிருந்தால், முன்னதையும் மாற்றும் வரை நான்கு சக்கர லீவரைத் தொடாதீர்கள்.